பதினோரு குழாய் எச்சில்

மார்ச் 11, 2025, செவ்வாய்

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரே ஒரு ஸ்டேஷன். அதற்கு இன்று முப்பத்தைந்து நிமிடம். ரயில் சிக்னலில் நின்றது நின்றதுதான். நான் ஓடிப்போய் டைம் ஆபீஸைத் திறக்கும்போது இரும்பு மில் கேட்டுக்கு வெளியே எண்பது பேர் காத்திருந்தார்கள். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று எழுத வேண்டியவளே தாமதம். நல்லவேளை, பெர்சனல் ஆபீசர் துளசிராமன் சார் வழக்கம்போல ஒன்பதரைக்குத்தான் வந்தார். நானும் வழக்கம்போல ஒன்பது என்று எழுதினேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

வியாழக்கிழமை மில்லில் ஆரோக்கிய முகாம். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வருகிறது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு குழாயில் கோடு வரைக்கும் எச்சில் துப்பினால் போதுமாம். உடம்பில் என்ன நோய் இருக்கிறது, இனிமேல் என்ன வரும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்களாம். துப்புகிறவர்களுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் இலவசம். "இருநூத்திப் பதினாலு பேரும் வரணும்மா. நூத்துக்கு நூறு. ஹெட் ஆபீஸ்ல நம்ம யூனிட் பேரு நிக்கணும்" என்று துளசிராமன் சார் மூன்று முறை சொன்னார். ஆபீசர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

டானியின் பர்மனென்ட் ஆர்டர் அவர் மேசையில் இருக்கிறது. என் தம்பி ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் கிரேன் ஓட்டுகிறான். ஒரே ஒரு சிக்கல்: பள்ளிச் சான்றிதழில் தானியேல், ஆதாரில் டேனியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க வியாழனன்று திருவள்ளூர் போகிறான். ஆர்டர் வந்ததும் பெனினாவோடு நிச்சயம். ஈஸ்டர் முடியட்டும் என்று அவள் அப்பா இம்மானுவேல் மாமா சொல்லியிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

கால் கடுக்கிறது. காலை ஏழு மணியிலிருந்து நின்றபடியே வேலை.

கான்டீன் கூடத்தில் வரிசை. குழாயை வாங்கியதும் ஒவ்வொருவரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு துப்பினார்கள், என்னவோ வெட்கம். சம்மதப் பத்திரம் டேப்லெட்டில், இங்கிலீஷில், தள்ளத் தள்ள முடியாத நீளம். ஏழு இடத்தில் டிக் அடிக்க வேண்டும். முதல் பத்து பேருக்கு நான் படித்துச் சொல்லப் பார்த்தேன். முடிவுகளை வேலை தருபவருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் கொடுக்கலாம் என்று ஒரு வரி வந்தது. "இது இன்னா சார், நம்ம ரிசல்ட்ட அவங்களுக்கும் குடுப்பாங்களா?" என்று கேட்டேன். "ஃபார்மாலிட்டிம்மா. நீயே எல்லாத்துலயும் டிக் அடிச்சு உட்டுடு, லைன் நகரட்டும்" என்றார் துளசிராமன் சார். அடித்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் படித்துச் சொல்லவில்லை. மதியத்துக்குள் இருநூற்று மூன்று பேர் முடிந்தார்கள்.

மீதிப் பதினோரு பேர் லீவு. டானியும் அதில் ஒருத்தன். துளசிராமன் சார் முகம் சுருங்கிவிட்டது. "அவங்க அஞ்சு மணிக்குக் கெளம்பிடுவாங்க. அந்தப் பதினோரு குழாயையும் குடு, நான் பாத்துக்கறேன்" என்று கேபினுக்கு எடுத்துக்கொண்டு போனார். நாலே முக்காலுக்கு லேபிள் ஒட்டக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பதினோரு குழாயும் கோடு வரை நிரம்பி வரிசையாக நிற்கின்றன. மேசை முழுக்க மாங்காய்க் கொட்டை, மிளகாய்ப்பொடி சிந்திய காகிதம். லீவில் இருக்கிறவனுக்கு நாங்கள் வருகை போட்டதே இல்லையா? அந்த மாதிரி யாரையோ கூப்பிட்டுத் துப்பவைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். டேப்லெட்டில் அந்தப் பதினோரு பேருக்கும் நானே டிக் அடித்தேன். டானிக்கும் ஹாட் பாக்ஸ் வந்துவிட்டது.

வீட்டில் நைனா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்குக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். "நாங்க நாத்து நட்ட ஊட்ல எங்க எச்சி படக்கூடாதுன்னு தனி கெளாஸு வெச்சிருந்தாங்கோ. வெளிய கூரைல சொருவிக்கினு இருக்கும். இப்ப இன்னாடான்னா எச்சிய குடு குடுன்னு குழாய்ல வாங்கிக்கினு போறானுங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

214/214. நோட்டீஸ் போர்டில் துளசிராமன் சார் படம், கையில் பூங்கொத்தோடு.

ஏப்ரல் 24, வியாழன்

டானியைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

எச்சில் ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்குப் பச்சை. டானிக்குச் சிவப்பு. இதயத் தசை தடித்துக்கொண்டே போகிற பரம்பரைக் குறையாம். ஒருநாள் திடீரென்று மயங்கி விழலாமாம். கீழே நாற்பது பேர் வேலை செய்யும்போது அப்படி ஒருத்தனை மேலே உட்காரவைக்க முடியாது என்று துளசிராமன் சார் சொல்லிவிட்டார். நாளை முதல் ஸ்கிராப் யார்டில் இரும்பு பிரிக்கிற வேலை. பர்மனென்ட் ஆர்டர் நிற்கிறது.

"அக்கா, எனக்கு இன்னா? கிரேன் ஏணில ஒரு நாளைக்கு நாலு வாட்டி ஏறி எறங்கறேன். மூச்சுகூட வாங்கலியே" என்று கேட்டான். பரம்பரை என்றால் யாரிடமிருந்து? நைனாவிடமிருந்தா, போய்ச் சேர்ந்த அம்மாவிடமிருந்தா? நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. டானி தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வயதுக்காரனை, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல.

ஏப்ரல் 28, திங்கள்

சனிக்கிழமை டானியைச் சென்னைக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுத்தேன். இதயம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். இன்று அந்தத் தாளை துளசிராமன் சார் முன்னால் வைத்தேன்.

"இது இன்னைக்கு உள்ளத சொல்லுது. அது நாளைக்கு வரப்போறத சொல்லுதும்மா. சிஸ்டம்ல சிவப்பா இருந்தா இன்சூரன்ஸ்ல சேக்க மாட்டான். இன்சூரன்ஸ் இல்லாம எப்படி பர்மனென்ட் போடறது?"

எங்கள் ரிப்போர்ட்டை உங்களுக்கு ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டேன். சம்மதப் பத்திரத்தைத் திறந்து காட்டினார். ஏழு டிக். என் விரல்.

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் இம்மானுவேல் மாமா என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். பக்கத்து மில்லில் ஃபோர்மேன் அவர். என் முகத்தைப் பார்க்காமலேதான் பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. டானிக்கு நெஞ்சுல கோளாறாமே. பொறக்கற புள்ளைங்களுக்கும் வருமாமே. ஒரே பொண்ண வெச்சிக்கினு இருக்கேன், நான் இன்னா பண்ணட்டும்?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். துளசிராமன். டீக்கடையில். 'பொண்ணு குடுக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்றாராம்.

டீக்கடைல. பாவி, கால் மேல கால் போட்டுக்கினு, ஒரு கையில டீ கெளாஸு, இன்னொரு கையில என் தம்பி நெஞ்சு. உங்க நல்லதுக்காம். நல்லா இருப்பானா இவன்? நான் கேக்கறேன், இவன் நல்லா இருப்பானா?

மே 5, திங்கள்

துளசிராமன் வந்த நேரம் 9.26. 9.26 என்றே எழுதினேன். இனி இந்த நோட்டில் 'சார்' கிடையாது.

மே 10, சனி

டானி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். பெனினாவின் போன் வருகிறது, எடுப்பதில்லை. படி ஏறும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறான். இல்லாத வலி வந்துவிட்டது அவனுக்கு.

துளசிராமன் இன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மகள் தமிழ்செல்விக்கு முடிந்துவிட்டதாம். மாப்பிள்ளை வீடு பெரியபாளையம், ஆவணியில் கல்யாணம். "நீ கண்டிப்பா வரணும்மா" என்று என் கையிலும் ஒன்று வைத்தார். சிரித்தபடி வாங்கினேன். கேட்டுக்கு வெளியே நாய்க்குப் போட்டேன். அந்த நாய் என்ன பாவம் செய்தது என்று பிறகு தோன்றியது.

ஜெபத்தில் உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை. அவர் பெயர்தான் வருகிறது. அவர் விழ வேண்டும். எல்லோரும் பார்க்க விழ வேண்டும். என்னால் விழ வேண்டும். இதை எழுத எனக்குக் கூச்சமாகக்கூட இல்லை.

மே 21, புதன்

மெதுவாக எழுதுகிறேன்.

சிவப்பு வந்தவர்கள் எல்லோரையும் கிரேன், உலை, உயரத்தில் செய்கிற வேலை ஆகியவற்றிலிருந்து மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி துளசிராமன் ஒரு பட்டியல் அனுப்பினார். பதினோரு டோக்கன் நம்பர். நாலாவது நம்பருக்குப் பிறகு நான் பட்டியலைப் பார்க்கவே இல்லை. விரல் தானாக அடுத்த நம்பருக்குப் போனது. அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பதினொன்றையும் இதே வரிசையில் நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

மார்ச் 13 வருகைப் பதிவேட்டை எடுத்தேன். பதினோரு பேருக்கும் 'A'. என் கையெழுத்து.

முகாமுக்கு வந்து துப்பிய இருநூற்று மூன்று பேரில் ஒருவருக்குக்கூடச் சிவப்பு இல்லை. வராத பதினோரு பேருக்கும் சிவப்பு. வராதவர்கள் நெஞ்சுக்குள் இருப்பது அந்தக் கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது?

மே 22, வியாழன்

டானியின் போனில் அந்த எச்சில் கம்பெனியின் ஆப்பைத் திறந்தேன். உங்கள் உறவினர்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் பத்துப் பேர். பத்துப் பேருமே டானியோடு ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்று போட்டிருக்கிறது. அத்திப்பட்டு அன்புராஜ். உலைக்காரர் கலியன், வயது ஐம்பத்திரண்டு. தமிழே தெரியாத ஜார்க்கண்ட் ஆட்கள் மூன்று பேர். எல்லோரும் என் அம்மா வயிற்றில் ஒரே நாளில்! அந்தக் கம்பெனியில் ஒருவர்கூட இதைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கவில்லை. வரும் எச்சிலை வாங்கிக்கொண்டு போவதுதான் அவர்கள் வேலை.

மதியம் கான்டீன் அஞ்சம்மாள் அக்காவிடம் போனேன். முகாம் அன்று துளசிராமனுக்கு மாங்காய் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"ஆமாண்டி! தட்டு தட்டா பத்தை போட்டு எடுத்துக்கினு போனேன். நாலாவது வாட்டியும் கேக்கறாரு. இன்னா சார் மசக்கையான்னு கேட்டே புட்டேன். வாயத் தொறக்கல மனுசன். கைய ஆட்டி போ போன்றாரு. கன்னம் ரெண்டும் உப்பிக்கினு இருக்குது."

"வேற யாராச்சும் கேபின்ல இருந்தாங்களா அக்கா?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

ஆக, யாரையும் கூப்பிடவில்லை. மாங்காயை மென்று மென்று எச்சில் ஊறவைத்துப் பதினோரு குழாயையும் அவரே நிரப்பியிருக்கிறார். துப்பு என்றால் உமிழ்; துப்பு என்றால் தடயம். என்னைத் துப்புக் கெட்டவள் என்று நினைத்திருந்தார். துப்பு பதினோரு குழாயில் இருந்திருக்கிறது.

அந்த நெஞ்சு துளசிராமனுடையது. ஆண்டவரே, மன்னியும், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

டானியிடம் சொன்னேன். முகம் தெளிந்தது, ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டான். கை கழுவும்போது கேட்கிறான்: "அப்ப அவருக்குத் தெரியாதா அக்கா? பாவம்க்கா." பாவமாம்! ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருந்தது.

மே 24, சனி

ஒரு கடிதம் எழுதினேன், தமிழ்செல்வியின் மாப்பிள்ளை வீட்டுக்கு. 'உங்கள் வீட்டுக்கு வரப்போகும் பெண்ணின் தகப்பனாருக்குப் பரம்பரையாக வரும் இதயக் குறை இருக்கிறது. பிள்ளைகளுக்கும் வரக்கூடியது. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.' கடைசி வரியை எழுதும்போது நாக்கில் சர்க்கரை பட்டதுபோல இருந்தது. உறையில் விலாசமும் எழுதினேன். கேபின் மேசையில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சு கிடந்தது, அதிலிருந்து குறித்துக்கொண்டேன்.

தமிழ்செல்வி ஒருமுறை ஆயுத பூஜைக்கு மில்லுக்கு வந்திருந்தாள். டைம் ஆபீஸ் ஜன்னலில் எட்டி, "அக்கா, தண்ணி இருக்கா?" என்று என் பாட்டிலையே வாங்கிக் குடித்தாள். அந்த நினைப்பு ஏன் இப்போது வருகிறது? வர வேண்டாம்.

முதலில் டானிக்குக் கிரேன். இது அப்புறம். கடிதம் இந்த நோட்டின் பின்னட்டையில் இருக்கட்டும்.

ஜூன் 2, திங்கள்

நடந்தது நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

ஜி.எம். அறை. அவர், தொழிலாளர் கமிட்டி ஆட்கள் நாலு பேர், துளசிராமன், நான். நான்தான் நேரம் கேட்டிருந்தேன். மேசையில் மூன்றை வைத்தேன்: சிவப்புப் பட்டியல், மார்ச் 13 பதிவேடு, டானியின் போன். விளக்கிச் சொன்னேன்.

துளசிராமன் சிரிக்கப் பார்த்தார். "டார்கெட் சார். யாரோ ஒரு ஆளைக் கூப்ட்டுத் துப்பச் சொன்னேன். தப்புதான்."

"யாரு சார் அது? பேரு சொல்லுங்க. அந்த ஆளுக்குத்தான நெஞ்சுல கோளாறு, அவருகிட்ட சொல்லணும்ல?" என்றேன்.

நான் அஞ்சம்மாள் அக்கா சொன்னதைச் சொன்னேன். மாங்காய், நாலு தட்டு. கமிட்டி ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். துளசிராமன் ஜி.எம்.மைப் பார்த்து மெல்லிய குரலில், "எச்சில்தானே சார். எல்லார் எச்சிலும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்" என்றார்.

எல்லார் எச்சிலும் ஒண்ணாம்! சொல்வது யார்? வெள்ளாமை வீட்டுப் பிள்ளை. நைனாவுக்குத் தனி கிளாஸ் வைத்தது அந்த மாதிரி வீட்டில்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளவும் இல்லை.

"ஒண்ணு இல்ல சார். அது உங்க எச்சில். அந்த நெஞ்சும் உங்களுது."

அதுவரை அவருக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை, முகத்தில் தெரிந்தது. பதினோரு பெயர்களைத்தான் பார்த்திருக்கிறார்; தன்னைப் பார்க்கவில்லை. கை மெதுவாக எழுந்து சட்டைப் பைக்கு மேலே போய் நின்றது. டானி வைத்துக்கொள்வானே, அதே இடம்.

இதற்காகத்தானே ஒரு மாதம் காத்திருந்தேன்.

பிறகு ஜி.எம். கேட்டார்: "லீவுல இருந்த பதினோரு பேருக்கும் சம்மதம்னு டிக் அடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

ஜூன் 3, செவ்வாய்

ஐந்து பேர் முன்னால் ஒருவருடைய நெஞ்சைப் பற்றிப் பேசினேன். டீக்கடையில் அவர் பேசியது ஒருவரிடம்தான். இருக்கட்டும்.

ஜூன் 18, புதன்

துளசிராமன் சொந்தக் காரணங்களுக்காக விலகினார் என்று நோட்டீஸ். பூங்கொத்துப் படத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு மெமோ, டைம் ஆபீஸிலிருந்து லாரி எடை மேடைக்கு மாற்றம். வெயிலும் தூசியும்தான். பரவாயில்லை, லாரிகள் டிக் அடிக்கச் சொல்வதில்லை.

டானிக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. தப்பு எங்களுடையது என்று மில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் பார்ப்பது எச்சில் கம்பெனியின் பதிவை. அதில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு. அந்தப் பதிவை அழித்தால்தான் ஆர்டர். பதினோரு பேரும் அழிக்கச் சொல்லி எழுதிப் போட்டார்கள். ஆளே அவர்தானா என்று பார்க்கப் புதிதாகத் துப்பி அனுப்ப வேண்டுமாம். அனுப்பினார்கள்.

ஜூலை 11, வெள்ளி

பதில் வந்துவிட்டது. 'நீங்கள் அனுப்பிய மாதிரி எங்களிடம் உள்ள மாதிரியோடு பொருந்தவில்லை. நீங்கள் இந்தப் பதிவுக்கு உரியவர் அல்ல. பிறர் தரவை அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை.'

டானி இரண்டு முறை படித்தான். "தானியேலும் டேனியலும் ஒரே ஆளுன்னு திருவள்ளூர்ல எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. நான் நானே இல்லன்னு இவங்க சொல்றாங்க."

போன் போட்டுக் கத்தினேன். அந்தப் பக்கத்துப் பெண் மரியாதை குறையாமல் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். பழைய மாதிரியோடு பொருந்தும் எச்சில் வந்தால் இரண்டு வாரத்தில் அழித்துவிடுவார்களாம். அதாவது, டானியை விடுவிக்க உலகத்தில் ஒரே ஒருவர் எச்சிலால்தான் முடியும்.

ஜூலை 12, சனி

பதினோரு குழாய் அனுப்பச் சொல்லிப் பதிவு செய்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

துளசிராமன் வீட்டுக்குப் போனேன். பையில் பதினோரு குழாய். கூடவே அஞ்சம்மாள் அக்கா கொடுத்த ஒரு டப்பா.

ஆள் இளைத்திருக்கிறார். கதவைத் திறந்துவிட்டு உள்ளே கூப்பிடாமல் நின்றார். நானே போய் உட்கார்ந்தேன். தமிழ்செல்வி காபி கொண்டுவந்தாள். என்னை ஞாபகம் இருக்கிறது அவளுக்கு. எவர்சில்வர் டம்ளர். தூக்கி ஊற்றிக் குடிக்கவில்லை. விளிம்பில் வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வைத்தேன். நைனாவுக்காக.

அவள் உள்ளே போனதும் விஷயத்தைச் சொன்னேன்.

"என் மானம் போனது பத்தாதாம்மா? நான் மாட்டேன்" என்றார்.

"பெரியபாளையத்துக்கு ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன் சார். அட்ரஸோட. ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி."

அவர் உள்பக்கம் பார்த்தார். அங்கே தமிழ்செல்வி போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இவர் முதல் குழாயை எடுத்தார்.

மூன்றாவதிலேயே வாய் வறண்டுவிட்டது. நான் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். உப்பில் ஊறிய மாங்காய், மேலே மிளகாய்ப்பொடி. அவர் கை நீண்டது. "சாப்புடக் கூடாது சார், குழாய்லயே போட்டிருக்குது. பாத்துக்கினே துப்புங்க, ஊறும்" என்றேன்.

பார்த்தார். ஊறியது. துப்பினார். ஒவ்வொரு குழாயாக வாங்கி நான் லேபிள் ஒட்டினேன், அன்றைக்குப் போலவே. தானியேல் என்ற பெயரை ஒட்டும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். இரண்டே கால் மணி நேரம். நடுவில் ஒருமுறை அவர் கண்ணில் நீர் வந்தது. மிளகாய் நெடியாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டேன். சொல்லாமல் வர முடியவில்லை. "எக்கோ எடுங்க சார். தமிழ்செல்விக்கும் எடுங்க."

"கல்யாணம் முடியட்டும்மா." பிறகு கெஞ்சும் குரலில், "அந்த லெட்டர குடுத்துடும்மா" என்றார்.

"பாக்கலாம் சார்."

ஆகஸ்ட் 21, வியாழன்

பதினோரு பதிவும் அழிந்தன. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ஏற்கெனவே பிறருக்குக் கொடுத்த தகவலைத் திரும்பப் பெற இயலாது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும் என்ற நம்பிக்கை இல்லை.

டானிக்கு ஆர்டர் வந்துவிட்டது. பெயர் தானியேல், சரியாக இருக்கிறது. மாலையில் இம்மானுவேல் மாமா ஆப்பிள் பையோடு வந்தார். டானி அறையை விட்டு வெளியே வரவில்லை. "பெனினாகிட்ட நான் பேசிக்கறேன், அவர போவச் சொல்லுக்கா" என்றான். சொன்னேன். ஆப்பிளை நைனா வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தமிழ்செல்வி கல்யாணத்துக்குப் போய் வந்தேன். பத்திரிகையைப் போன வாரம் துளசிராமனே வீட்டுக்கு வந்து கொடுத்தார். நைனா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், எங்கள் டம்ளரில். குடித்தார்.

காலையில் கிளம்புமுன் பின்னட்டையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். ஒருமுறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அடுப்பில் போட்டேன். அந்தப் பெண் என் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தவள்.

மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தமிழ்செல்வி அழகாக இருந்தாள். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த ஊர், பெண் வீட்டுக்கு என்ன உறவு என்று விசாரித்தார். சாரோடு மில்லில் வேலை பார்த்தேன் என்றேன். காலை டிபன் சாம்பாரில் கொஞ்சம் உப்புத் தூக்கல் என்று பேசிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தால், மேடையோரத்தில் துளசிராமன். வருகிறவர்களுக்குக் கும்பிடு போடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கை சட்டைப் பைக்கு மேலே இருந்தது. நான் மாப்பிள்ளையின் அம்மா பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, புடவை நன்றாக இருக்கிறது என்று காதோடு சொன்னேன்.

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.